வாலைப் பானைக்குள் கரண்ட் காயில்: எத்தனை வாட், எங்கே, எப்படி?

30 லிட்டர் எவர்சில்வர் பானை, மேலே மூடி, அதிலிருந்து செம்புச் சுருள், சுருளைக் குளிர்விக்க 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். இப்படி ஒரு வாலை, அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்து வடிக்கும் பாத்திரம், செய்து எலுமிச்சைப் புல்லிலும் வெட்டிவேரிலும் தைலம் வடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது கேஸ் அடுப்பில் ஓடுகிறது. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, மொட்டை மாடிக் காற்றில் தீ நிற்க மாட்டேன் என்கிறது. பானைக்குள்ளேயே ஹீட்டர் காயில் வைக்கலாமா, எத்தனை வாட் வேண்டும், வாளியில் போடும் ஹீட்டர் ராடையே வெட்டிப் பொருத்தினால் ஆகாதா? உங்கள் மூன்று கேள்விகளும் இவைதான்.

வைக்கலாம். ராடை மட்டும் வெட்டாதீர்கள். வாட் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். எனக்கு மோட்டார் ரீவைண்டிங் தொழில். தைலம் வடிப்பது ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு. இரண்டு பக்கமும் கை சுட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கேஸில் ஒரு வசதி உண்டு: தீ கண்ணுக்குத் தெரியும். அணைந்தால் தெரியும், பெரிதானால் தெரியும். காயில் மூடிய பானைக்குள் இருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கிறதா, வெளியே தலை நீட்டிவிட்டதா, மேலே புல் ஒட்டிக் கருகுகிறதா, எதுவும் தெரியாது. அதனால் கண்ணால் பார்த்த வேலையை இனி கணக்குப் பார்க்க வேண்டும்.

எத்தனை வாட்?

எல்லோரும் பானை அளவை வைத்துக் கேட்கிறார்கள். உண்மையில் அதை முடிவுசெய்வது உங்கள் டிரம்மும் வீட்டு வயரும்தான். பானைக்கு வாட் கூடினால் சீக்கிரம் கொதிக்கும், அவ்வளவே. 18 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1.5 யூனிட் கரண்ட் வேண்டும். 1 கிலோவாட் காயில் என்றால் ஒன்றரை மணி நேரம், 2 கிலோவாட் என்றால் முக்கால் மணி, 3 கிலோவாட் என்றால் அரை மணி. பானை சூடேறுவதற்கும் காற்றில் போவதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொதித்த பிறகுதான் கதை மாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் 3,600 கிலோஜூல். ஆக, 1 கிலோவாட் காயில் மணிக்கு 1.6 லிட்டர் ஆவி தர வேண்டும். பானைச் சுவர் வழியாகப் போவதைக் கழித்தால் கையில் கிடைப்பது 1.4 லிட்டர் என்று வையுங்கள். 2 கிலோவாட்டில் 2.8.

அந்த ஆவி உள்ளே வாங்கிய சூடு முழுவதையும் சுருள் வழியாக உங்கள் டிரம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். 100 லிட்டர் டிரம்மில் தண்ணீர் மாற்றாமல் 2 கிலோவாட் ஓட்டினால் மணிக்கு 17 டிகிரி ஏறும். 28-ல் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் 45, இரண்டாவது மணியில் 62. அதற்குள் சுருள் முனையில் சொட்டோடு ஆவியும் புகையாக வரத் தொடங்கியிருக்கும். அந்தப் புகையோடு போவது உங்கள் எலுமிச்சைப் புல் எண்ணெய். வாசனை தெருமுனை வரை கமகமவென்று வந்தால் நன்றாக வடிகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். பாட்டிலுக்குள் போக வேண்டியதுதான் தெருவுக்குப் போகிறது.

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் 2 கிலோவாட்டுக்கு மணிக்கு 115 லிட்டர் வேண்டும், அதுவும் 15 டிகிரி ஏற விட்டால். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இதைக் கேட்டாலே சண்டை வரும். ஐஸ் போடலாம் என்பார்கள். 10 கிலோ ஐஸ் கரைந்து 40 டிகிரி வரை ஏறும்போது 2 கிலோவாட்டின் சூட்டை 42 நிமிடம்தான் தாங்கும். கட்டுப்படியாகாது. ஆகவே உங்கள் டிரம்முக்குக் கொதிக்க வைக்க 2 கிலோவாட், வடிக்க 1 கிலோவாட். இதற்கு மேல் போவதென்றால் முதலில் இரண்டாவது டிரம் வாங்குங்கள்.

ஒரே 2 கிலோவாட் காயிலுக்குப் பதில் இரண்டு 1 கிலோவாட் காயில் போடச் சொல்வேன். தனித்தனியாக இரண்டையும் போட்டால் 2,000 வாட். ஒன்றை அணைத்தால் 1,000. இரண்டையும் சீரியஸில் கோத்தால் இரண்டும் சேர்ந்து 500. அந்தக் காலத்து ஹாட்பிளேட்டில் மூன்று நிலை சுவிட்ச் இருந்தது, அது இதே வித்தைதான். சித்த மருந்து செய்கிறவர்கள் தீயை தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். விளக்குத் தீ, தாமரைத் தீ, காட்டுத் தீ. அவர்களின் 32 அக மருந்துகளில் ஒன்றான தீநீர், அதாவது ஆவியாக்கி வடித்த மருந்து நீர், இறங்குவது இந்த வாலையில்தான், ஓமத் தீநீர் உட்பட. எந்த நேரத்துக்கு எந்தத் தீ என்பதுதான் அதில் கைப்பக்குவம். உங்களுக்கு மூன்றும் ஒரு சுவிட்சில் கிடைக்கிறது.

தெர்மோஸ்டாட் வைக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு எத்தனை வாட் கொடுத்தாலும் 100 டிகிரியில்தான் நிற்கும். வாட் கூடினால் ஆவி கூடும், டிகிரி கூடாது. தெர்மோஸ்டாட்டை 97-ல் வைத்தால் ஒருநாளும் கொதிக்காது, 101-ல் வைத்தால் ஒருநாளும் அணையாது. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். அங்கே 98-ல் வைத்தவர் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நீங்கள் கட்டுப்படுத்த வேண்டியது வாட்டை, சூட்டை அல்ல.

படிப்படியாகக் கூட்டிக் குறைக்க ஆசையென்றால் எஸ்.சி.ஆர். ரெகுலேட்டர் போர்டு கிடைக்கிறது. மேலே 4,000 வாட் என்று அச்சடித்திருப்பார்கள். அதிலிருக்கும் அலுமினியத் துண்டைப் பார்த்தாலே தெரியும், பாதிகூடத் தாங்காது. 2,000-க்கு மேல் ஏற்றாதீர்கள், சின்ன ஃபேன் ஒன்றை எதிரே வையுங்கள். எலெக்ட்ரானிக் முறையில் கரண்டைப் போட்டு அணைக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே வாங்கினாலும் இதேதான்: ஒரு ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் அதிலேயே சூடாகும். இந்த ரகங்கள் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் ஆன நிலையிலேயே கெட்டுப்போகும். அதனால் ரெகுலேட்டரை நம்பி ‘ஆஃப்’ செய்யாதீர்கள். அதற்கு முன்னால் கையால் அணைக்கும், ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

வோல்டேஜையும் பாருங்கள். காயிலின் வாட் வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230-க்கு 2,000 வாட் தரும் காயில், சாயங்காலம் ஊரே மோட்டார் போட்டு 180-க்கு இறங்கினால் 1,225 வாட்தான் தரும். ‘நேத்து நல்லா வந்துச்சு, இன்னிக்கு வரலே’ என்பதற்குப் பாதி நாள் இதுதான் காரணம். இன்னொரு பக்கம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் காயில். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் சாராயம் வடிப்பது சட்டப்படி சரி. அதனால் மின்சார வாலை பற்றி எழுதுகிறவர்களும் சாமான் விற்கிறவர்களும் அங்கே நிறைய. அமெரிக்கச் சாமான்களும் சந்தையில் உண்டு. 120 வோல்ட் என்று போட்ட 1,500 வாட் காயிலை நம் பிளக்கில் செருகினால் அது 5,500 வாட் இழுக்கும். சில நொடி பளபளவென்று உழைத்துவிட்டு உயிரை விடும். நம் ஊரில் சாராயப் பக்கம் யோசனையே வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அது போக, நான் இங்கே சொல்லும் எதுவும் எரியும் ஆவிக்குப் போட்ட கணக்கல்ல, தண்ணீருக்குப் போட்டது.

இப்போது காயில்.

வாளி ராட் ஏன் கூடாது? அதன் பிளாஸ்டிக் தலை வாளி விளிம்புக்கு வெளியே, காற்றில் இருப்பதற்காகச் செய்தது. மூடிய பானையில் மணிக்கணக்காக ஆவி அடிக்கும் இடத்தில் வைத்தால் ஈரம் முனைகளுக்குள் ஏறிவிடும். அதற்குப் பிறகு பானையே கரண்ட் ஆகும். பக்கவாட்டில் மறை போட்டுத் திருகும் தலையுள்ள எவர்சில்வர் காயிலை வாங்குங்கள். பாய்லர் சாமான் கடைகளில் கிடைக்கும். பானையில் ஓட்டை போட்டு, அந்த மறைக்கு ஏற்ற சாக்கெட்டை ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். எம்-சீல் அப்பினால் ஒரு மாதம்கூட வராது. வாஷர் டெஃப்லானாக இருக்கட்டும். சாதா ரப்பர் புல் எண்ணெயில் உப்பிப்போய் இளகும், எண்ணெயிலும் ரப்பர் நாற்றம் வரும்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதித் தொல்லை புரியும். நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள், அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி. அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடு தூள். வெளியே எவர்சில்வர் குழாய். அந்தத் தூளின் வேலை சூட்டை விடுவது, கரண்டை விடாமல் இருப்பது. ஆனால் அது ஈரம் உறிஞ்சும். நான் முதல் தடவை செய்தபோது மழைக்காலம் முழுவதும் ஷெட்டில் கிடந்த காயிலை எடுத்து மாட்டினேன். சுவிட்ச் போட்டதும், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ‘டக்’ என்று விழுந்தது. திரும்பத் தூக்கினேன், திரும்ப விழுந்தது. ஆர்.சி.சி.பி.தான் கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே அதைக் கழற்றப் போனேன். தொழில் தெரிந்தவனே இப்படி என்றால் பாருங்கள். கடைசியில், கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் கால் மெகஓமைக்கூடத் தொடவில்லை. காயிலை ஓவனில் 120 டிகிரியில் நான்கு மணி நேரம் காயவைத்து மறுபடி பார்த்தபோது முள் கடைசி வரைக்கும் போய் நின்றது. காயில் நல்ல காயில்தான், ஈரம் குடித்திருந்தது, அவ்வளவே.

அடுத்து நீளம். 2,000 வாட் என்று ஒரு சாண் காயிலும் கிடைக்கும், ஒரு கஜக் காயிலும் கிடைக்கும். நீளமானதை எடுங்கள். 8 மில்லிமீட்டர் குழாயில் சூடேறும் பகுதி 1 மீட்டர் இருந்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 8 வாட் வரும். வெறும் தண்ணீருக்கு அது போதும். தண்ணீரில் தூளோ மாவோ இலையோ மிதந்தால் அதில் பாதிதான் தாங்கும். ஏனென்றால் கருகல் வருவது மொத்த வாட்டால் அல்ல, ஒரு இடத்தில் குவியும் வாட்டால்.

எனக்கு இது எப்படிப் புரிந்ததென்றால், ஒருமுறை புல்லைப் பொடிப்பொடியாக நறுக்கி, தட்டு போடாமல் நேராகத் தண்ணீரிலேயே போட்டு ஓட்டினேன். ஒரு மணி நேரம் அருமையாக வந்தது. அப்புறம் வாசனைக்குள் லேசாக அடிப்பிடித்த பால் வாடை. அணைத்துவிட்டு மூடியைத் திறந்தால், காயிலின் வளைவு பிசகாமல் ஒரு கறுப்பு உறை. கத்தியால் சுரண்டினால் தகடு தகடாக வந்தது. அன்றைய தைலம் முழுவதும் கருகல். எவ்வளவு நாள் திறந்துவைத்தும் அந்த வாடை போகவில்லை.

ஆகவே புல்லும் வேரும் காயிலைத் தொடவே கூடாது. நடுவில் ஓட்டைத் தட்டு போட்டு, கீழே தண்ணீர், மேலே சரக்கு. இட்லிப் பானை தத்துவம்தான். இங்கே ஒரு கணக்கு, இதை அவசியம் போட்டுப் பாருங்கள். உங்கள் பானை 30 செ.மீ. விட்டம் என்று வைத்தால் ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் 0.7 லிட்டர். 18 லிட்டர் தண்ணீர் 25 செ.மீ. உயரம் நிற்கும். காயிலின் மேல் விளிம்பு அடியிலிருந்து 8 செ.மீ.யில் இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு மேல் குறைந்தது 5 செ.மீ. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அப்படியானால் கடைசி 13 செ.மீ., அதாவது 9 லிட்டர், நீங்கள் தொடக்கூடாத தண்ணீர். வடிக்கக் கிடைப்பது மற்ற 9 லிட்டர்தான். 2 கிலோவாட்டில் மூன்று மணி நேரம், 1 கிலோவாட்டில் ஆறு மணி நேரம். அதற்குள் முடித்தாக வேண்டும்.

எலுமிச்சைப் புல்லுக்கு அது தாராளம். வெட்டிவேருக்குக் கதை வேறு. அதன் எண்ணெய் கனமானது, சீக்கிரம் எழும்பாது, 12 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம் என்று தோன்றும். அங்கேதான் காயில் வெளியே வரும். காற்றில் நிற்கும் காயில் சில நிமிடத்தில் செக்கச்செவேலென்று பழுக்கும், பக்கத்தில் இருப்பது எண்ணெய் ஊறிய காய்ந்த வேர். இதற்குப் பழைய வழி, எண்ணெயைப் பிரித்த பிறகு வடிநீரைத் திரும்பப் பானைக்கே விடுவது. ஆய்வுக்கூடத்தில் 1928-ல் கிளெவெஞ்சர் என்பவர் செய்த கண்ணாடிக் கருவி செய்வதும் அதுதான். சுருள் முனையில் எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் ஒரு பிரிகுப்பி, அதன் அடியிலிருந்து வளைந்த குழாய் ஒன்று பானைக்கு. தண்ணீர் மட்டம் இறங்காது, தண்ணீரில் கரைந்துபோன எண்ணெயும் திரும்ப ஒரு வாய்ப்புப் பெறும். வெட்டிவேருக்கு டிரம் தண்ணீர் அதிகம் குளிர வேண்டாம். அந்த எண்ணெய் பிசின் மாதிரி, குளிர்ந்த சுருளில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இவ்வளவு செய்தாலும் உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்ட, பானைக்கு வெளியே ஒரு மட்டக் கண்ணாடிக் குழாய் வையுங்கள். அதில் காயில் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. சின்னச் செலவில் செய்யக்கூடிய இதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியாது. கூடவே, தண்ணீர் மட்டம் இறங்கினால் தானே அணைக்கும் ஃப்ளோட் சுவிட்ச் வைக்க முடிந்தால் நல்லது. இருந்தாலும் ஆள் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

மூடியைப் பற்றி ஒரே எச்சரிக்கை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஒரு கொத்துப் புல் மேலேறிக் குழாய் வாயை அடைத்தால் உங்கள் வாலை விசில் இல்லாத குக்கர் ஆகிவிடும். கேஸில் வைத்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். காயில் யாரையும் கேட்காது. மூடியை கிளாம்ப் போட்டு இறுக்குவதைவிட, மைதா பசை பூசி மேலே ஒரு எடை வைத்தால் போதும். அழுத்தம் கூடினால் பசைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். கிளாம்ப்தான் வேண்டும் என்றால் சேஃப்டி வால்வு கட்டாயம்.

எர்த். இதைக் கடைசியில் எழுதினாலும் முதலில் செய்யுங்கள். பானை, மூடி, செம்புச் சுருள், சுருள் முனை, எல்லாம் ஒரே உலோகத் தொடர். காயில் கசிந்தால் பானையைத் தொடாத உங்கள் கைக்கும் கரண்ட் வரும், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சொட்டு வாங்கும் அந்தக் கைக்கு. டிரம் தண்ணீரும் கரண்ட் ஆகும். பானை உடம்பிலேயே ஒரு போல்ட்டைப் பற்றவைத்துத் தனி எர்த் வயர் எடுங்கள். பிளக்கின் எர்த் பின்னில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாடி வீடுகளில் நிறைய இடத்தில் பின் இருக்கும், எர்த் இருக்காது. அதற்கு முன்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்பீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஒரு மனிதன் உடம்பில் ஓடும் 100 மில்லிஆம்பியர் தெரியவே தெரியாது.

2 கிலோவாட் 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில், 4 ஸ்கொயர் வயரில், வேறு எதுவும் சேராமல் ஓடட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். காயில் தலைக்குப் பக்கத்தில் சாதா பி.வி.சி. வயர் இளகிவிடும். அந்தக் கடைசி முழம் மட்டும் சிலிக்கான் வயராக இருக்கட்டும். முனைகளை இரும்பு டப்பாவால் மூடுங்கள், அந்த டப்பாவுக்கும் எர்த்.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவி போகப் போக உப்பு பானையிலேயே சேர்ந்து காயில்மேல் சுண்ணாம்பாகப் படியும். சூடு வெளியே வராமல் உள்கம்பி வெந்துபோகும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் போய்விடும்.

செலவு: இப்படி ஒரு ஈடுக்கு நான்கு முதல் எட்டு யூனிட். அதே வேலைக்குக் கேஸ் சுமார் ஒரு கிலோ ஆகும். மூன்று கிலோ புல்லில் கிடைக்கும் எண்ணெய் பத்து மில்லிக்குப் பக்கம்தான், மற்றதெல்லாம் பன்னீர். எண்ணெயை விற்கும் எண்ணம் இருந்தால் வீட்டு இணைப்பில் ஓட்டக்கூடாது, அதற்கு வேறு கட்டண இணைப்பு வாங்க வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் தடவை புல் போடாமல் வெறும் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். 1 கிலோவாட்டில் வைத்து, கடிகாரம் பார்த்து, அளவு ஜாடியில் ஒரு மணி நேரச் சொட்டைப் பிடியுங்கள். 1.4 லிட்டருக்குப் பக்கத்தில் வந்தால் சரி. ஒரு லிட்டர்கூட வரவில்லை என்றால் வோல்டேஜைப் பாருங்கள், பானைக்குச் சாக்கு சுற்றுங்கள். ஈரமான சாக்கு வேண்டாம். அந்த முதல் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், வெல்டிங்கும் கிரீஸும் சேர்ந்த வாடை அடிக்கும்.